மண்டபத்துல பேஸ் கிட்டாரைத் தொட்டாலே "புர்ர்ர்"... வித்துரலாமா?

பொள்ளாச்சி பேஸ்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருஷமா இங்க சத்தமில்லாம படிச்சுட்டுப் போறவன். இப்ப சத்தத்தாலயே எழுத வேண்டியதாப் போச்சு.

என்கிட்ட இருக்கறது ஃபெண்டர் கம்பெனி ஜாஸ் பேஸ் மாடலோட காப்பி ஒண்ணு, செகண்ட் ஹேண்டு. லைட் மியூசிக் ட்ரூப்ல வாசிக்கறேன். முகூர்த்த மாசம்னா வாரத்துக்கு மூணு ரிசப்ஷன். வீட்ல சின்ன ஆம்ப்ல போட்டா லேசா ஒரு "ம்ம்ம்", அதோட குடும்பம் நடத்திக்கலாம். ஆனா மண்டபத்துல சீரியல் செட்டும் ஸ்டேஜ் லைட்டும் போட்டுட்டாங்கன்னா மாவு மில்லு ஓடுதுங்க. போன ஞாயித்துக்கிழமை பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுற நேரம், மொத்த ட்ரூப்பும் அமைதியா நிக்குது, என் பேஸ் மட்டும் "புர்ர்ர்ர்". கீபோர்டு மாஸ்டர் மைக்லயே கேட்டுட்டாரு, "யாருப்பா அது கிரைண்டர் போட்டது?"ன்னு. முன் வரிசையில பாதிப் பேரு சிரிச்சுட்டாங்க.

ஆக்டிவ் பேஸ் (உள்ளயே பேட்டரியில ஓடற சின்ன ஆம்ப் இருக்கறது) ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அஞ்சு கம்பி. இதை வித்துட்டு அதை வாங்கிரலாமுங்களா?

அஞ்சுகம்பி அய்யா:
வாங்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
சோறு வேகலைன்னாலும் இவன் அஞ்சு கம்பி வாங்குன்னுதான் சொல்லுவான், விடு.

தம்பி, காசை எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கம்பிக்கு அடியில சத்தத்தைப் பிடிக்கிற காந்தச் சுருள் இருக்கே, பிக்கப், அந்த ரெண்டு பிக்கப் வால்யூமையும் ஃபுல்லா திறந்து வை. புர்ர் குறையுதா பாரு. ஜாஸ் பேஸ்ல இருக்கிறது ரெண்டு சிங்கிள் காயில், அதாவது ஒத்தைச் சுருள் பிக்கப். ஒண்ணுக்கு நேரா சுத்தினா இன்னொண்ணுக்குத் திருப்பிச் சுத்தியிருப்பான், காந்தமும் தலைகீழா இருக்கும். ரெண்டும் ஒரே அளவுல திறந்திருந்தா உள்ள வர்ற ஹம், அதான் உன் புர்ர், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கம்பியோட சத்தம் மட்டும் கூடும். ஒண்ணை நூல் குறைச்சாலும் ஹம் எட்டிப் பார்க்கும். லியோ ஃபெண்டர் 1951ல விட்ட பிரெசிஷன் பேஸ்லயும் ஒத்த காயில்தான். 1957ல அதையே ரெண்டாப் பிளந்து எதிரெதிரா சுத்தினதும் அது வாயை மூடிச்சு. 1960ல வந்த ஜாஸ் பேஸ்லதான் இந்த "ரெண்டையும் திற" விளையாட்டு.

பொள்ளாச்சி பேஸ்:
அடடா. நான் பின்னாடி பிக்கப்பைப் பாதியில வெச்சுத்தான் வாசிப்பேன், ஒரு வீடியோல பார்த்தது. இப்ப ரெண்டையும் ஃபுல்லா வெச்சுப் பார்த்தேனுங்க. குறையுது. ஆனா போகலை. மாவு மில்லு மிக்ஸி ஆயிருக்கு.

டொராண்டோ மந்திரஸ்தாயி:
தம்பி, ஒருக்கா டியூனரைப் போட்டுப் பாருங்கோ, அந்த புர்ர் என்ன சுருதி எண்டு. உங்கட பக்கம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில மூண்டாவது ஃபிரெட் ஜி, அது 49. ஆகவே உங்கட மண்டபம் முழுக்க ஜியிலதான் பாடுது, கொஞ்சம் ஷார்ப்பா, சுருதி ஏறி. எங்கட பக்கம் 60. அது பி ஃப்ளாட்டும் இல்லை, பியும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில தொங்குது. ஹம்முக்குக் கூட இஞ்ச சுருதி சேராது.

மதுரை லோ எண்டு:
அண்ணே, நீங்க சொன்னதுக்கு அப்புறம் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் பக்கத்துல உக்காந்து மூணாவது ஃபிரெட் அடிச்சுப் பார்த்தேன். சத்தியமா சேருது. ஃபிரிட்ஜ் இனிமே எங்க ரிதம் கிட்டாரிஸ்ட்.

ஒன்பது வோல்ட்:
ஆக்டிவ் வாங்குனா ஹம் போயிரும்னு யாரு சொன்னது? உள்ள இருக்கிற பிக்கப் சிங்கிள் காயிலா இருந்தா ஆக்டிவ்லயும் ஹம் வரும், என்ன, பூஸ்ட் பண்ணி இன்னும் தெளிவா வரும். கூடவே ஒரு பேட்டரியையும் வளர்க்கணும். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்ல வயரை ஜாக்ல சொருகுனாலே பேட்டரி ஆன். நான் ஒரு தடவை ஒத்திகை முடிச்சுட்டு சொருகினபடியே வெச்சுட்டுத் தூங்கிட்டேன். மறுநாள் கச்சேரியில ரெண்டாவது பாட்டுல சத்தம் தகர டப்பா மாதிரி நசுங்குது, நாலாவது பாட்டுல சுத்தமா போச்சு. பக்கத்துப் பொட்டிக்கடையில பென்சில் பேட்டரிதான் இருக்கு, 9 வோல்ட் இல்லை. கடைசியில மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழட்டிப் பார்த்தேன். அதுலயும் பென்சில் பேட்டரி. நான் கழட்டினதை மண்டபத்து மேனேஜர் பார்த்துட்டாரு, அது தனிக் கதை.

அஞ்சுகம்பி அய்யா:
இருந்தாலும் அந்த அஞ்சாவது கம்பி, லோ பி, ஒரு சுகம். 31 ஹெர்ட்ஸுக்குக் கிட்ட. வயித்துல கேக்கும்.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
மண்டபத்து ஸ்பீக்கர்ல உன் லோ பி வெளிய வந்ததைப் பார்த்தவன் யாரும் உயிரோட இல்லை. போ.

நாகர்கோவில் நாலுகம்பி:
தம்பி பொள்ளாச்சி, நான் கோயில்ல ஆராதனைக்கு வாசிக்கக்கூடியவ, பதினஞ்சு வருசமா இந்த புர்ர் கூடத்தான் வாழ்க்கை. யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு கேக்கேன். சத்தம் வரும்போது கம்பியில கை வெச்சா என்ன ஆகுது? கையை எடுத்தா என்ன ஆகுது? அப்புறம் வால்யூம் குமிழ் இருக்கக்கூடிய அந்த இரும்புத் தகட்டைத் தொட்டா என்ன ஆகுது? மூணையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

இன்னொண்ணு, பேஸைப் பிடிச்சுட்டு நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசையில மட்டும் குறைஞ்சா அது டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வரக்கூடிய காந்த ஹம். அதுக்கு உள்ள குழியில மறைப்பாக் காப்பர் டேப் ஒட்டினாலும் பிரயோசனம் இல்ல. திசை மாறினாலும் அதே கரகரன்னா வேற விசயம்.

மதுரை லோ எண்டு:
அக்கா, மேடையில சுத்துனா டான்ஸ் ஆடுறான்னு மாப்பிள்ளை வீட்டுல தனியா காசு குடுத்துருவாங்க.

பொள்ளாச்சி பேஸ்:
அக்கா, பார்த்துட்டேனுங்க. கம்பியைத் தொட்டா ஒண்ணுமே மாறலை. தகட்டைத் தொட்டா சட்டுன்னு முக்காவாசி அமைதி. ஜாக் மேல இருக்கற நட்டைத் தொட்டாலும் அப்படித்தான். சுத்தியும் பார்த்தேன், எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி. எங்கம்மா வந்து "தலை சுத்துதா கண்ணு?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

நாகர்கோவில் நாலுகம்பி:
அப்பிடின்னா கிட்டத்தட்ட கண்டுபிடிச்சாச்சு. நம்ம உடம்பு ஒரு பெரிய ஆன்டெனா. லைட், வயர் எல்லாத்துல இருந்தும் கரகரப்பை இழுத்துக் கொண்டுபோய் பிக்கப் பக்கத்துல நிக்கும். கம்பி எர்த் ஆகியிருந்தா, தொட்ட உடனே அது அந்த வழியா இறங்கிப் போயிரும், சத்தம் குறையும். உங்களுக்குத் தகட்டைத் தொட்டா குறையுது, கம்பியைத் தொட்டா குறையல. அதாவது எர்த் தகடு வரைக்கும் இருக்கு, கம்பி வரைக்கும் போய்ச் சேரல. உள்ள இருந்து பிரிட்ஜுக்கு, அதாவது கம்பியோட அடி முனையைப் பிடிச்சிருக்கக்கூடிய இரும்புக்கு, ஒரு ஒத்தை வயர் போகும். அதுதான் விட்டுப்போயிருக்கு.

பிரிட்ஜை யாராவது கழட்டினாங்களா?

பொள்ளாச்சி பேஸ்:
...

பொள்ளாச்சி பேஸ்:
ஆமாங்க. மூணு மாசம் முன்னாடி நான்தான் மாத்தினேன். பழசு துருப்பிடிச்சு இருந்துச்சு, கறுப்பு கலர்ல கனமா ஒண்ணு ஆன்லைன்ல வந்துச்சு, பார்க்க ஜம்முன்னு இருந்துச்சு. புர்ர் எப்ப ஆரம்பிச்சுதுன்னு இப்ப யோசிச்சா... அதுக்கு அப்புறந்தானுங்க.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சம். டாக்டர்கிட்ட வயித்து வலின்னு போயிட்டு, கெட்ட மீன் தின்னதைக் கடைசியில சொல்ற கதை.

திருகாணி:
பழைய பிரிட்ஜ் இருக்கா தம்பி? எனக்கு ஒரு பழைய காப்பிக்கு வேணும்.

சேலம் ஸ்லாப்:
வயரு, எர்த்துன்னு அலையறதுக்கு பதிலா ஆம்ப் பிளக்ல இருக்கிற பெரிய பின்னை ஒடைச்சு விடுங்க பாஸ். நாங்க எல்லா கச்சேரிலயும் அதான் பண்ணுவோம். ஹம் காலி.

நாகர்கோவில் நாலுகம்பி:
சேலம் தம்பி, அந்தப் பதிவைத் தயவுசெஞ்சு எடுத்துருங்க. சின்னப் பிள்ளைங்க படிப்பாங்க.

ஒன்பது வோல்ட்:
எடுக்க வேணாம், கீழ பதில் இருக்கட்டும். பொள்ளாச்சி, இதை நல்லாக் கேளு.

எங்க செட்ல ஒருத்தன் இப்படித்தான் எர்த் பின் இல்லாத ஆம்ப்ல வாசிச்சான். ஜெனரேட்டர் ஒரு பக்கம், மண்டபத்து லைன் ஒரு பக்கம். ஆம்ப் உள்ள எங்கயோ லீக். கையில கம்பியைப் பிடிச்சபடியே கோரஸ் பாட மைக்கிட்ட வாயைக் கொண்டு போனான். உதட்டுல நீலமா ஒரு பொறி. பின்னாடி போய் டிரம்ஸ் மேல விழுந்தான். பொழச்சுட்டான், ஆனா அன்னைல இருந்து மைக்கைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்குவான். அந்தப் பெரிய பின் இருக்கிறதே, லீக் ஆகிற கரண்ட் உன் வழியா போகாம அது வழியா போறதுக்குத்தான். அதை உடைச்சா அந்த வேலையை நீ பார்க்கணும்.

ஆம்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல எர்த் சுத்தி வந்து ஹம் வருதுன்னா அதுக்கு டிஐ பாக்ஸ்ல (பேஸை மிக்ஸரோட சேர்க்கிற சின்னப் பொட்டி) கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கு. அது சிக்னல் வயரோட எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. நான் கிட்டார் பையில எப்பவும் ஒரு லைன் டெஸ்டர் வெச்சிருப்பேன். மேடை ஏறினதும் மைக் தலையில ஒரு தடவை, கம்பியில ஒரு தடவை. பல்பு மினுக்குனா சவுண்டு சர்வீஸ் அண்ணன் வந்து பார்க்கிற வரைக்கும் தொட மாட்டேன். ட்ரூப்ல கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும்.

சேலம் ஸ்லாப்:
சரிண்ணே. தப்புதான். நாளைக்கே எல்லா பிளக்கும் மாத்திடுறேன்.

பொள்ளாச்சி பேஸ்:
பயமாத்தான் இருக்குதுங்க. பின்னைத் தொட மாட்டேன். நாளைக்கு பிரிட்ஜைக் கழட்டப் போறேன். அதுக்குக் கம்பியெல்லாம் எடுக்கணுமே, கழட்டுன பழைய கம்பியைத் திரும்பப் போடலாமுங்களா? மாட்டி ஏழெட்டு மாசம் ஆச்சு. புது செட்டு வாங்கற மாதிரி இப்ப இல்லை.

மதுரை லோ எண்டு:
தம்பி, வென்னி. ஒரு பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சு கம்பியைச் சுருட்டிப் போட்டு பத்து நிமிஷம். சுத்துக்குள்ள இருக்கிற வேர்வை, அழுக்கு எல்லாம் கழண்டு வரும். துணியில அழுத்தித் துடைச்சு வெயில்ல நல்லாக் காய வெச்சு மாட்டு. ஒரு வாரத்துக்குப் புதுசு மாதிரி கணீர்னு இருக்கும். அப்புறம் பழைய குருடிதான். முக்கியமான விஷயம், ரசம் வைக்கிற பாத்திரத்துல போடாத. நான் போட்டேன். எங்கம்மா இன்னும் அந்தப் பாத்திரத்தைத் தொடலை.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
கணீர் எதுக்குய்யா? ஜேம்ஸ் ஜேமர்சன், மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியோட பேஸ்காரர், டெட்ராய்ட்ல பெரும்பாலான ஹிட்டை வாசிச்சது ஒரு 1962 பிரெசிஷன்ல, தடியான ஃப்ளாட்வவுண்ட் (தட்டையா சுத்தின) கம்பியில, வலது கையில ஒரே ஒரு விரல். கம்பியை மாத்தவே மாட்டாராம், அறுந்தாதான் மாத்துறது. என் கம்பிக்கு இந்த ஆடியோட ஒன்பது வயசு. இன்னும் எல்கேஜி.

அஞ்சுகம்பி அய்யா:
பெருசு ஒரு விரல்ல வாசிக்கிறது ஜேமர்சனைப் பார்த்து இல்லை, இன்னொரு கையில டீ கிளாஸ் இருக்கிறதால.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
அதுக்கும் ஒரு பக்குவம் வேணும்ல.

டொராண்டோ மந்திரஸ்தாயி:
பிரிட்ஜ் கழட்டேக்க ஒரு விசயம். எல்லாக் கம்பியையும் எடுத்துப்போட்டு நாள்கணக்கா வைக்காதேங்கோ. கம்பியிட இழுவை இல்லாம நெக் நிமிரும், பிறகு கம்பி நிக்கிற உயரம், அதாவது ஆக்‌ஷன் மாறும். ஒரு பின்னேரத்துக்குள்ள முடிச்சு மாட்டிப் போடுங்கோ. இஞ்ச எங்களுக்கு வேற கரைச்சல். பனிக்காலத்தில வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடினா காத்து நல்லாக் காய்ஞ்சிடும், ஃபிங்கர்போர்ட் மரம் சுருங்கி ஃபிரெட் முனையெல்லாம் ரெண்டு பக்கமும் வெளியில நீட்டும். போன மாசிமாதம் கையை மேல இருந்து கீழ ஒரு இழுவை இழுத்தன், பெருவிரல் பக்கம் கிழிஞ்சு ரத்தம். ஊரில அண்ணையாக்களுக்குப் புழுக்கம் பிரச்சினை, எங்களுக்கு வரட்சி.

மதுரை லோ எண்டு:
இழை வேற பக்கம் போறதுக்குள்ள ஒரு கேள்வி. எல்லாருக்கும் இது நடந்திருக்கும். கச்சேரி முடிஞ்சு இறங்குனதும் ஒரு பெரியப்பா வந்து, "நல்லா வாசிச்ச தம்பி, பாவம், ரெண்டு கம்பி அறுந்துபோயும் சமாளிச்சுட்டியே."

ஒன்பது வோல்ட்:
"தம்பி, அந்த நீளமான கிட்டார்ல சத்தமே வரலையே, பிளக் போடலையா?"

நாகர்கோவில் நாலுகம்பி:
எனக்கு வரக்கூடியது வேற. "உங்க வீட்டுக்காரர் கிட்டாரை நீங்க பிடிச்சுட்டு நிக்கியளா?" அந்த ஆளு கேட்டு முடிக்கதுக்குள்ள அடுத்த பாட்டு ஆரம்பிச்சுட்டேன். சவுண்டைக் கொஞ்சம் கூட்டியும் விட்டேன்.

சேலம் ஸ்லாப்:
எங்க அப்பாவுக்கு ரெண்டு வருஷமா நான் என்ன வாசிக்கிறேன்னே தெரியாது. போன்லயும் சின்ன ஸ்பீக்கர்லயும் பாட்டு கேக்கிறவருக்கு பேஸ் எங்க தெரியும். ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அந்த ஸ்பீக்கர்ல அது வரவே வராது, மேல இருக்கிற ஓவர்டோனை வெச்சு காது குத்துமதிப்பா புரிஞ்சுக்கும். ஒரு நாள் நல்ல ஹெட்போன் போட்டு ராஜா சார் பாட்டு ஒண்ணு குடுத்தேன். "பாடுறவங்களை விடுங்க, அடியில ஓடுறதை மட்டும் கேளுங்க"ன்னேன். கண்ணை மூடிட்டுக் கேட்டவரு, பாதியில என் கையைப் பிடிச்சாரு. "இது தனியா ஒரு பாட்டுல்ல ஓடுது?" சசிதரன் சார் வாசிச்சது. அதுக்கப்புறம் கீத் பீட்டர்ஸ் வாசிச்ச ரஹ்மான் பாட்டெல்லாம் வரிசையா கேட்டாரு. இப்ப டிவில எந்தப் பாட்டு வந்தாலும் "பேஸ் கம்மியா வெச்சிருக்கான்"ங்கறாரு. டிவி ஸ்பீக்கர்ல.

ஃப்ளாட்வவுண்ட் பெருசு:
அப்பாவுக்கு என் வணக்கம். மண்டபத்துல மிக்ஸர் பக்கத்துல அவரை உட்கார வை. சவுண்டு சர்வீஸ்காரன் முதல் பாட்டுலயே நம்ம வால்யூம் ஃபேடரைக் கீழ இழுக்கிறானே, கையைத் தட்டி விட ஒரு ஆள் வேணும்.

திருகாணி:
பழைய பிரிட்ஜ் பத்தி யாரும் பதில் சொல்லலை.

பொள்ளாச்சி பேஸ்:
முடிஞ்சுதுங்க! விவரமா எழுதறேன், பின்னாடி யாராவது தேடி வந்தா உதவும்.

எங்க தெரு டிவி ரிப்பேர் அண்ணன் கடைக்கே பேஸைத் தூக்கிட்டுப் போயிட்டேன். அவரு முதல்ல எதையும் கழட்டலை. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வெச்சு, ஒரு முனையை ஜாக்கோட வெளிப் பக்கத்துல, இன்னொண்ணைத் தகட்டுல. "பீப்." அப்புறம் தகட்டுல இருந்து எடுத்துக் கம்பியில வெச்சாரு. ஒண்ணுமில்லை. பிரிட்ஜ்ல வெச்சாரு. ஒண்ணுமில்லை. "அந்தம்மா சொன்னது சரிதான்டா"ன்னாரு. (அக்கா எழுதினதைப் போன்ல காட்டியிருந்தேன்.)

அஞ்சு ஸ்க்ரூவும் எடுத்து பிரிட்ஜைத் தூக்கினா, மரத்துல ஒரு சின்ன ஓட்டை, வயரைக் காணோம். டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள எலிவால் மாதிரி சுருண்டு கிடக்குது. நான் புது பிரிட்ஜ் வெச்சு அழுத்தும்போது உள்ள போயிருக்கு. எங்கக்கா புருவம் திருத்தற ட்வீசரை வெச்சு இழுத்தோம், ஒரு இன்ச்சு வந்துச்சு. நுனி கறுத்திருந்த இடத்தை வெட்டிட்டு, ரப்பரை உரிச்சு, இழைகளை விசிறி மாதிரி விரிச்சு மரத்து மேல படிய வெச்சாரு.

அதோட பிரிட்ஜை மாட்டலாம்னு நான் கையை வெச்சா, "இரு, இதுவும் கோளாறுதான்"னு பிரிட்ஜோட அடிப் பக்கத்தைக் காட்டினாரு. அடியிலயும் கறுப்பு பெயிண்ட். அது மேல வயர் பட்டாலும் எர்த் போகாது. உப்புத்தாளை எடுத்து ஒரு ரூபா காசு அளவுக்குத் தேய்ச்சாரு, வெள்ளி மாதிரி இரும்பு தெரிஞ்சுது. வயர் அந்த இடத்துல உக்கார்ற மாதிரி வெச்சு இறுக்கினோம். மறுபடியும் மீட்டர். கம்பியில வெச்சதும் "பீஈஈப்". அந்த சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க, நிஜமாவே.

காசு வேண்டாம்னுட்டாரு. டீ மட்டும் வாங்கிக் குடுத்தேன்.

நேத்து உடுமலைல ரிசப்ஷன். அதே சீரியல் செட்டு, அதே லைட்டு. ரெண்டு வால்யூமும் ஃபுல்லு, கை கம்பி மேல. பூனை நடக்கற சத்தம் கூட இல்லை. கையை எடுத்தா லேசா "ம்ம்", அவ்வளவுதான். மூணாவது பாட்டுல நடுவுல ஒரு நோட்டு தப்பா அடிச்சேன். கீபோர்டு மாஸ்டர் சட்டுன்னு திரும்பிப் பார்த்தாரு. இத்தனை நாளா புர்ர்ல அது அவருக்குக் கேட்டதே இல்லை போல.

நாகர்கோவில் நாலுகம்பி:
ரொம்ப சந்தோசம் தம்பி. அந்த லேசான "ம்ம்"மும் வேண்டாம்னா, உள்ள குழி முழுக்கக் காப்பர் டேப் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டைத் தொடுதான்னு அதே மீட்டர்ல பாத்து, எர்த்தோட சேத்துருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, சீசன் முடியட்டும்.

ஒன்பது வோல்ட்:
சென்னை பக்கம் வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல டேப் கிடைக்கும். அகலமா வாங்கு, ஒட்டுற வேலை குறையும். கையுறை போட்டுக்க, ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

அஞ்சுகம்பி அய்யா:
அப்ப அஞ்சு கம்பி வாங்கலையா?

பொள்ளாச்சி பேஸ்:
இல்லீங்க. அந்தக் காசுல ஒரு டிஐ பாக்ஸும் ஒரு டெஸ்டரும் வாங்கிட்டு மீதியை அம்மாகிட்டக் குடுத்துட்டேன். புது ரசப் பாத்திரம் வாங்கணுமாம். ஆமாங்க, நானும் கொதிக்க வெச்சேன்.

மதுரை லோ எண்டு:
நான் சொன்னேன்ல!

திருகாணி:
தம்பி. பழைய பிரிட்ஜ்.

பொள்ளாச்சி பேஸ்:
மன்னிச்சுக்குங்கண்ணா, இப்பத்தான் தேடிப் பார்த்தேன். எங்கப்பா அதைக் கரண்ட் பில்லு பறக்காம இருக்க மேல வெயிட்டா வெச்சிருக்காரு. கேட்டா குடுக்க மாட்டேங்கறாரு. வேற ஒரு கல்லு தேடிட்டு இருக்கேன், கிடைச்சதும் அனுப்பி வைக்கறேன்.